எங்கள் ஊர் ரயில் மேற்கே போகும்

போன மாதம் ராஜபாளையம் ஸ்டேஷனில் பொதிகைக்காகக் காத்திருந்தேன். சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் பயணம். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவன். பேச்சுக் கொடுத்ததில் தெற்கு வெங்காநல்லூர்ப் பக்கம் என்றான். "சார், இந்த லைன் செங்கோட்டையோட முடிஞ்சிருதா?" என்று கேட்டான். "இல்லப்பா, மலையேறி கொல்லம் போகுது" என்றேன். "அப்படியா? பொதிகை அங்கதான நிக்கிது, அதான் கேட்டேன்" என்றான்.

அவன் மேல் குற்றம் இல்லை. அவன் பிறந்த காலத்திலிருந்து இந்த ஊர்க்காரர்களுக்கு ரயில் என்றால் ராத்திரி ஏறி விடியும்போது தாம்பரத்தில் கண் விழிப்பதுதான். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி வண்டி ஏறிய பிறகும் மனசை விட்டுப் போகவில்லை. காரணம் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பாதை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. மில் ஒன்றின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் பேரேடு எழுதியவன். ஆனாலும் ரயில் விஷயத்தில் கொஞ்சம் பித்து உண்டு. என் தாய்மாமா பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். பித்து அங்கிருந்து தொற்றியது.

சென்னையிலிருந்து தெற்கே இறங்கிய மீட்டர்கேஜ் பாதை மதுரையைத் தாண்டித் தூத்துக்குடியைத் தொட்டது 1876ல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்டது. அது விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசல் காட்டின் நடுவே நேராக இறங்கியது. விருதுபட்டி என்பதுதான் 1923ல் விருதுநகர் என்று பெயர் மாறியது. பாதை துறைமுகத்தைக் குறி வைத்துப் போட்டது. பருத்தி கப்பலேற வேண்டும். அவ்வளவுதான் கம்பெனியின் கவலை. மேற்கே மலையடிவாரத்தில் வரிசையாக இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி எல்லாம் கிழக்கே தூரத்தில் போகும் ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டுக்கொண்டிருந்த ஊர்கள்.

என் பாட்டி சொல்லுவாள், அவள் காலத்தில் ரயிலேற வேண்டுமென்றால் சாத்தூருக்கு மாட்டு வண்டி கட்ட வேண்டும் என்று. சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ராத்திரி முழுக்க வண்டி, விடிந்தும் வண்டி. மாடு தண்ணி குடிக்க ஒரு இடம், வண்டிக்காரர் தூங்க ஒரு இடம். "ரயிலு நாலு மணி நேரத்துல கொண்டு போய் விட்ரும், ரயிலுகிட்ட போறதுக்கு ஒரு நாளு" என்பாள். ஐம்பது வருஷம் இப்படியே ஓடியிருக்கிறது.

இதற்கிடையில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காரியம் நடந்தது. சென்னை மாகாண அரசும், திருவிதாங்கூர் சமஸ்தானமும், தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சேர்ந்து, திருநெல்வேலியிலிருந்து கொல்லம் வரை ஒரு பாதை போட்டார்கள். மூலம் திருநாள் மகாராஜா காலம். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, தென்காசி வழியாக 1903ல் செங்கோட்டை வரை வந்தது. அந்தப் பக்கம் கொல்லம் – புனலூர் 1904 ஜூனில் திறந்தார்கள். நடுவில் இருந்தது மலை. ஆரியங்காவு, தென்மலை, கழுதுருட்டி. அங்கே பாறையைக் குடைந்து, பள்ளத்தாக்கின் மேல் கல் வளைவுகள் கட்டி, 1904 நவம்பரில் இரண்டையும் இணைத்துவிட்டார்கள். கொல்லத்தில் ஓடிய முதல் எஞ்சின், ரயில் பாதை இன்னும் சேராததால், தூத்துக்குடியிலிருந்து கப்பலில் பாகம் பாகமாகப் போய்ச் சேர்ந்தது என்று சொல்வார்கள்.

பழைய பாதையில் ஏற்றம் 42 அடிக்கு ஓர் அடி. கேட்க சின்ன விஷயமாகத் தெரியும். ரயிலுக்கு அது செங்குத்து. வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்பின் மேல்தானே ஏற வேண்டும்! அதனால் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். கழுதுருட்டியில் இருக்கும் பதின்மூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். சாலையில் போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அது அந்தக் கல் வேலைதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1904க்குப் பிறகு திருவிதாங்கூருக்கும் வெளி உலகத்துக்கும் இருந்த ஒரே ரயில் வாசல் செங்கோட்டைதான். பாதை 1918ல் திருவனந்தபுரம் போனது. ஆனால் வடக்கே எர்ணாகுளத்தோடு கொல்லம் சேர்ந்தது 1958ல்தான். அதாவது ஐம்பத்து நான்கு வருஷம், திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் ஆரியங்காவு மலை ஏறி இறங்கி, தென்காசியைத் தொட்டுத்தான் போயாக வேண்டும்.

தென்காசியிலிருந்து அப்புறம்? கிழக்கே திருநெல்வேலி, அங்கிருந்து மணியாச்சி, அங்கே தூத்துக்குடி மெயின் லைனில் சேர்ந்து வடக்கே. பெரிய சுற்று. மணியாச்சி என்றதும் உங்களுக்கு வேறு ஞாபகம் வரும். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தபோது செங்கோட்டை வாஞ்சிநாதன் சுட்டது அந்த ஜங்ஷனில்தான். கொடைக்கானலுக்குக் கிளம்பிய ஆஷ் அங்கே நிற்க வேண்டியிருந்தது, திருநெல்வேலியிலிருந்து வடக்கே போகிற எவரும் மணியாச்சியைத் தொட்டுத்தான் போக வேண்டும் என்பதால். எங்கள் பாதை அப்போது காகிதத்தில்கூட இருந்ததோ என்னவோ.

அந்தச் சுற்றை அறுக்கத்தான் எங்கள் பாதை வந்தது. விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், பாம்பகோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி. 1927ல் வண்டி ஓடியது. செங்கோட்டை வரை கணக்குப் பார்த்தால் சுமார் 130 கி.மீ.

1920களில் தெற்கே இப்படிப் பல பாதைகள் போட்டார்கள். திருச்செந்தூர் 1923, மதுரை – போடிநாயக்கனூர் 1928, திண்டுக்கல் – பொள்ளாச்சி 1928. எங்கள் பாதையும் அந்த வரிசையில் ஒன்று என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். போடிப் பாதை மலையடிவாரத்தில் போய் நின்றுவிடும் பாதை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது இரும்பு வேண்டும் என்று அதன் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள்; போர் முடிந்து பல வருஷம் கழித்துத்தான் மறுபடி போட்டார்கள். எங்கள் பாதையை யாரும் தொடவில்லை. அது முட்டுச்சந்து இல்லை, ஒரு சமஸ்தானத்துக்குப் போகிற வழி என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

தேசப்படத்தை வைத்துப் பார்த்தாலும் இது தெரியும். மதுரையிலிருந்து எங்கள் ஊருக்குப் பஸ் ரோடு திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் என்று நேரே வரும். ரயில் அப்படி இல்லை. விருதுநகர் போய்த் திரும்பி, சிவகாசி வழியாகச் சுற்றி வரும். ராஜபாளையத்துக்குத் தெற்கேயும் அதே கதை. ரோடு சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மலையை ஒட்டிப் போகும். ரயில் கிழக்கே சங்கரன்கோவிலுக்கு வளைந்து போய்க் கடையநல்லூரில் திரும்ப வந்து சேரும். மதுரைக்குப் போக ரயிலை நம்பியவன் இந்த ஊரில் குறைவு. பஸ் எப்போதும் முந்திக்கொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஸ்டேஷனுக்குப் போகிற நேரத்தில் பாதி மதுரை போய்விடலாம் என்பார்கள். ஊருக்கு வெளியே அவ்வளவு தள்ளி ஸ்டேஷன். ஆடிப்பூரத் தேருக்கு வருகிற கூட்டம் இறங்கி நடக்கும்போது கோபுரம் தெரிகிறது, ஊர்தான் வர மாட்டேன் என்கிறது. சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பாதை எங்களை மதுரைக்குக் கொண்டுபோக வந்தது இல்லை. மதுரையையும் கொல்லத்தையும் சேர்க்க வந்தது. நாங்கள் நடுவில் இருந்தோம்.

நடுவில் இருப்பதில் லாபமும் உண்டு. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகித் திரும்பி வந்தது 1923 வாக்கில். நான்கே வருஷத்தில் ரயில் வாசலில் வந்து நின்றது. தீக்குச்சிக்குக் கரிசல் காட்டில் மரம் ஏது? மேற்கே மலைக்கு அந்தப் பக்கத்து மென்மரம்தான் வர வேண்டும். ராஜபாளையத்தில் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பித்தது 1936ல். ரயில் வந்ததால்தான் மில் வந்தது என்று நான் கதை கட்ட மாட்டேன். முதல் போட ஆள் வேண்டும், துணிச்சல் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஆனால் பஞ்சுப் பேலை மாட்டு வண்டியில் சாத்தூரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது யோசிக்க வேண்டியது.

என் வேலையிலும் ரயில் இருந்தது. குஜராத் பஞ்சு, பஞ்சாப் பஞ்சு வாகனில் வரும். தபாலில் ரயில்வே ரசீது வரும், ஆர்.ஆர். என்போம். ரசீது வந்து கிடக்கும், சரக்கு வராது. காரணம், வடக்கே ஓடுவது அகலப்பாதை, ஐந்தரை அடி. எங்களுடையது மீட்டர்கேஜ், மூன்றே கால் அடி சொச்சம். வழியில் அகலப்பாதை முடிகிற இடத்தில் ஒவ்வொரு பேலையும் இறக்கி இன்னொரு வாகனில் ஏற்ற வேண்டும். இறக்குகூலி, ஏற்றுகூலி, சேதாரம், தாமதம். நனைந்த பேல், கிழிந்த பேல் என்று ஒரு தனி நோட்டே வைத்திருந்தேன். கடைசியில் எல்லாரும் லாரிக்கு மாறினார்கள். அகலப்பாதை வேண்டும் என்று எங்கள் ஊர் வியாபாரிகள் வருஷக்கணக்கில் மனுக் கொடுத்தது சும்மா இல்லை. அதில் எனக்கும் உடன்பாடுதான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு, பழசையே பிடித்துத் தொங்குகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி என் அக்கா.

அக்காவைப் புனலூரில் கொடுத்தது 1962ல். எனக்குப் பத்து வயசு. அத்தான் குடும்பம் தமிழர்கள்தான், மூன்று தலைமுறையாக அங்கே ஜவுளிக்கடை. எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து துணி போகும், அந்தப் பக்கத்திலிருந்து மிளகும் பாக்கும் வரும், கூடவே சம்பந்தமும். "அவ்வளவு தூரத்துல பொண்ணக் கொடுக்கிறியே" என்று அம்மாவிடம் யாரோ கேட்டதற்கு அம்மா சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "ரயிலேறினா அவ வீடு. மதுரையில கொடுத்தாலும் வண்டியில ஏறித்தானே போகணும்?"

மறுவீட்டுக்குப் போனபோதுதான் நான் முதல்முதலில் மலை ஏறினேன். காலையில் ராஜபாளையத்தில் ஏறினோம். மாமா அன்று டூட்டியில் இருந்தார். அப்போது ஒற்றைப் பாதையில் டோக்கன் முறை. பிரம்பு வளையத்தில் ஒரு தோல் பை, பைக்குள் இரும்பு உருண்டை. அந்த உருண்டை டிரைவர் கையில் இருந்தால்தான் அடுத்த ஸ்டேஷன் வரை அந்தப் பாதை அவருடையது. இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு பெட்டி இருக்கும், இரண்டும் கம்பியால் பேசிக்கொள்ளும். ஒரு உருண்டை வெளியே வந்துவிட்டால் அது திரும்ப ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகிற வரை இன்னொன்று வராது. எதிரெதிரே இரண்டு வண்டி வரவே முடியாது. நிற்காமல் போகிற வண்டியாக இருந்தால் மாமா வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார், எஞ்சினிலிருந்து ஒரு கை வந்து அதைக் கொத்திக்கொண்டு போகும். அன்று எங்கள் வண்டி நின்றது. மாமா வளையத்தை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, எங்கள் ஜன்னலுக்கு வந்து அக்கா தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

செங்கோட்டையில் பின்னால் ஒரு எஞ்சின் சேர்த்தார்கள். நான் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு அப்பாவிடம் அடி வாங்கினேன். செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்து அப்போது ஆறு வருஷம்கூட ஆகவில்லை. 1956 நவம்பர் 1ல் சேர்ந்தது. அதற்கு முன் சமஸ்தானக் காலத்தில் இந்த ஸ்டேஷனுக்கு வந்தாலே வேறு ராஜ்ஜியம், சுங்கச் சோதனை உண்டு என்று அப்பா சொன்னார். அப்புறம் சுரங்கம். பெட்டிக்குள் கும்மிருட்டு, புகை, எல்லாரும் ஒரே நேரத்தில் ஜன்னல் கதவை இறக்குகிற சத்தம். வெளியே வந்தால் பச்சை. கரிசல் காட்டுப் பையனுக்கு அவ்வளவு பச்சையும் ஒரே இடத்தில் இருக்கும் என்று தெரியாது. ஒரு மலையைத் தாண்டினால் மழை வேறு, மண் வேறு, பாஷை வேறு.

அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை. அக்கா ஆடிப்பூரத்துக்கு வருவாள், பொங்கலுக்கு வருவாள். நாங்கள் ஓணத்துக்குப் போவோம். வண்டியில் எப்போதும் ஒரே கூட்டம் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் கறுப்பு வேட்டி ஐயப்பன்மார். ஆரியங்காவில் ஐயனுக்குத் திருக்கல்யாணம் பார்க்கப் போகும் மதுரை சௌராஷ்டிரக் குடும்பங்கள்; அவர்கள்தான் பெண் வீட்டார் என்பது ஐதீகம், சீர்வரிசையோடு போவார்கள். மற்ற நாட்களில் அரிசிக்காரம்மாக்கள். கேரளாவில் அரிசித் தட்டுப்பாடு, இங்கிருந்து கொண்டுபோகத் தடை. இடுப்பைச் சுற்றி, சேலைக்குள்ளே சின்னச் சின்னப் பையாக அரிசி கட்டிக்கொண்டு ஏறுவார்கள். ஏறும்போது குண்டாக இருந்த அம்மா திரும்பி வரும்போது ஒல்லியாக இருப்பதைப் பார்த்து நான் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். பெட்டியே சிரித்தது, அந்த அம்மாவும்தான்.

பாதையின் அந்தஸ்து இதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை. 1958ல் கோட்டயம் – கொல்லம் சேர்ந்ததும் திருவிதாங்கூருக்கு இரண்டாவது வாசல் திறந்தது. 1976ல் எர்ணாகுளத்திலிருந்து திருவனந்தபுரம் வரை அகலப்பாதை ஆனது. சென்னை போகிறவர்கள் பாலக்காட்டு வழியாகப் போய்விட்டார்கள். 1981ல் திருநெல்வேலி – நாகர்கோவில் – திருவனந்தபுரம் திறந்தது. தெற்கேயும் ஒரு வாசல். சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் போகும் மெயில் மட்டும் பழைய மரியாதைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அகலப்பாதை தெற்கே இறங்க இறங்க அதுவும் நின்றது.

விருதுநகர் – ராஜபாளையம் – செங்கோட்டை அகலப்பாதை 2004ல் முழுதாகத் திறந்தது. பொதிகை வந்தது. ஊரே ஸ்டேஷனில் கூடியது, நானும் போய்க் கை தட்டினேன். அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போவதென்றால் செங்கோட்டையில் அகலப்பாதை வண்டியிலிருந்து இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு மீட்டர்கேஜ் வண்டிக்கு மாற வேண்டும். பஞ்சுப் பேலுக்கு நேர்ந்தது எங்களுக்கும் நேர்ந்தது என்று அத்தானிடம் சொல்லிச் சிரித்தேன். பரவாயில்லை, மாறிப் போனோம்.

நான் ஓய்வு பெற்றது 2010 மே மாதம். அக்காவுக்கு அப்போது அறுபத்தைந்து தாண்டியிருந்தது, அத்தான் காலமாகி மூன்று வருஷம். இனி மாதம் ஒருமுறை வருகிறேன் அக்கா, கணக்கு நோட்டு இனிமேல் இல்லை என்று போனில் சொன்னேன். அந்த செப்டம்பரில் செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. அகலப்பாதை வேலை. கடைசி வண்டிக்கு மாலை போட்டு, பட்டாசு வெடித்து அனுப்பியதைப் பேப்பரில் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் முடிந்துவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம்.

எட்டு வருஷம் ஆனது.

வேலை சுலபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீட்டர்கேஜுக்காகக் குடைந்த சுரங்கத்தில் அகலப்பாதைப் பெட்டி நுழையாது. விரிக்க வேண்டும், சில இடத்தில் மலையையே வெட்ட வேண்டும். மழைக்காலம் அங்கே இரண்டு தடவை வரும். பணம் ஒரு வருஷம் ஒதுக்குவார்கள், ஒரு வருஷம் கையைச் சுருக்குவார்கள். எல்லாம் சரி. ஆனால் எட்டு வருஷம் என்பது பாதைக்குச் சின்னக் காலம், வயசானவர்களுக்கு அப்படி இல்லை.

பஸ் இருந்ததே என்பீர்கள். இருந்தது. தென்காசி போய், செங்கோட்டை போய், பிரானூர் பார்டரில் புரோட்டா வாசனையில் அரை மணி நேரம் நின்று, மலைப் பாதையில் வளைந்து வளைந்து இறங்கும் பஸ். நான் போனேன், முதல் வருஷம் நாலு தடவை, அடுத்த வருஷம் இரண்டு. அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, வளைவில் தலை சுற்றி வாந்தி. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "தம்பி, ரயில் விடட்டும், வர்றேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் முதல் கேள்வி, "என்னப்பா, வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?" என்பதுதான். நானும் பேப்பரில் படித்ததைச் சொல்வேன். பகவதிபுரம் பக்கம் தண்டவாளம் போட்டாச்சாம். புனலூரிலிருந்து இடமண் வரை ஆயிடுச்சாம். இன்னும் நடுவில் கொஞ்சம்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது போலத்தான் ஊரிலும். ஓணத்துக்குப் போவது நின்றது. அந்தப் பக்கம் பெண் கொடுப்பது, எடுப்பது குறைந்தது. எங்கள் தெருவில் 2010க்குப் பிறகு புனலூர், கொட்டாரக்கரைப் பக்கம் ஒரு சம்பந்தம்கூட இல்லை. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதற்கு ரயில் ஒன்றுதான் காரணம் என்று சாதிக்க மாட்டேன், காலமும் மாறிவிட்டது. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் மேற்கே ஒரு பாதை இருப்பதே தெரியாமல் வளர்ந்தார்கள். தெற்கு வெங்காநல்லூர்ப் பையன் என்னிடம் கேட்டது அந்தக் கேள்விதான்.

அக்கா 2016 ஐப்பசியில் போய்ச் சேர்ந்தாள். செய்தி ராத்திரி பதினோரு மணிக்கு வந்தது. வாடகைக் கார் பிடித்து மலை இறங்கினேன். கழுதுருட்டியில் விடிந்துகொண்டிருந்தது. பதின்மூன்று கண் பாலத்தின் கல் தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு பலப்படுத்தியிருந்தார்கள். மேலே தண்டவாளம் இருந்ததா என்று கீழே சாலையிலிருந்து தெரியவில்லை. டிரைவரிடம் நிறுத்தச் சொல்லவும் மனசு வரவில்லை.

மலைப்பாதை முழுதாகத் திறந்தது 2018ல். சில மாதம் கழித்து, ராஜபாளையத்தில் ஏறி, செங்கோட்டையில் மாறி, தனியாகப் போனேன். சுரங்கத்தில் யாரும் ஜன்னலை இறக்கவில்லை, புகை இல்லையே. முன்னும் பின்னும் எஞ்சின் மட்டும் அதே மாதிரி. பாலத்தின் மேல் வண்டி மெதுவாகப் போனது. பெட்டியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். எதிர் சீட்டில் என் வயசுள்ள ஒரு அம்மா, கேரளத்து நேரியது முண்டு கட்டியிருந்தவர், கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை.

2019லிருந்து சென்னை – கொல்லம் எக்ஸ்பிரஸ் தினமும் ஓடுகிறது. பழைய மெயிலின் வாரிசு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது எங்கள் ஊரைத் தாண்டுவது விடியுமுன், ஊர் தூங்கும் நேரம். பகலில் மேற்கே போகிறவர்களுக்கு இன்னும் சில வண்டிகள் வேண்டும். சத்திரப்பட்டி ரோட்டுப் பேண்டேஜ் துணிக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக்காரர்களும் கொல்லம் சந்தைக்குச் சரக்குப் போட லாரியையே நம்பியிருக்கிறார்கள். அதையும் யாராவது கேட்க வேண்டும். இப்போது பாதை மின்மயமும் ஆகிவிட்டது, பொதிகையை மின்சார எஞ்சின் இழுக்கிறது.

அந்தப் பையனிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை, பொதிகை வந்துவிட்டது. கொல்லத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று மட்டும் கேட்டான், சொன்னேன். மறக்காமல் போனில் குறித்துக்கொண்டான்.

அக்கா மகன் அடுத்த வாரம் வருகிறான். அவன் மகளுக்கு ஆண்டாள் கோவிலில் வைத்துக் காது குத்து. "மாமா, ராத்திரி வண்டியில டிக்கெட் போட்டுட்டேன், ரெண்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், ஆட்டோ பிடிச்சு வந்துருவோம்" என்கிறான். நான் போகத்தான் போகிறேன். ராஜபாளையத்தில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்கு. அங்கே அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காது என்பது புனலூர்ப் பிள்ளைக்கு எங்கே தெரியும்?